மைக்கேல் பிராட்லி: ஒரு நடுகள வீரருக்கு இவ்வளவு திட்டு நியாயமா?

நடுக்கோடு எழுதியது:

போன வாரம் ஆபீஸ் கேன்டீனில் ஒருவர் போனில் ஒரு பழைய வீடியோவைக் காட்டினார். 2014 உலகக்கோப்பை, பிரேசிலின் மனாவுஸ் நகரம், அமெரிக்காவும் போர்ச்சுகலும். அமெரிக்கா 2-1 என்று முன்னிலை. கூடுதலாகக் கொடுத்த நிமிடங்களும் தீரப்போகின்றன. நடுக்கோட்டுப் பக்கம் மைக்கேல் பிராட்லி காலில் பந்து. ஆள் நெருக்குகிறது, பந்து பறிபோகிறது. சில நொடிகளில் வலது ஓரத்தில் ரொனால்டோ, ஒரு கிராஸ், வரேலாவின் தலை, 2-2. வீடியோ அவ்வளவுதான். காட்டியவர் சொன்னது: "இந்த மொட்டைத் தலையனாலதான் எல்லாம் போச்சு."

எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை ராத்திரி முழு ஆட்டத்தையும் தேடிப்பிடித்துப் பார்த்தேன். பிராட்லி பந்தை விட்டது உண்மை. ஆனால் அவர் விட்ட இடத்துக்கும் கோல்கம்பத்துக்கும் நடுவே பாதி மைதானம் இருக்கிறது. வரேலா ஓடிவந்தபோது அவரைப் பிடிக்க வேண்டிய கேமரன் பின்தங்கிவிட்டார். ஐந்தாவது நிமிடத்தில் நானி அடித்த முதல் கோலும் அதே கேமரன் பந்தைச் சரியாக உதைக்காததால் வந்ததுதான். கேன்டீன் வீடியோவில் கேமரன் பெயரே இல்லை.

பிராட்லிக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அதே ஆட்டத்தில், 1-0 என்று பின்தங்கியிருந்தபோது, திறந்த கோலுக்கு எதிரே அவர் அடித்த பந்தை ரிக்கார்டோ கோஸ்டா கோட்டிலேயே காலால் தடுத்துவிட்டார். அது போயிருந்தால் கதையே வேறு.

ஆனாலும் கேட்கிறேன். நாட்டுக்காக 151 ஆட்டம், 17 கோல். அமெரிக்க ஆண்கள் அணியில் அவரைவிட அதிகம் ஆடியவர்கள் கோபி ஜோன்ஸும் லாண்டன் டோனவனும் மட்டும்தான். நெதர்லாந்து, ஜெர்மனி, இங்கிலாந்து, இத்தாலி என்று நான்கு நாட்டு லீக்கில் ஆடியவர். அப்படிப்பட்டவர் பெயரைச் சொன்னாலே ஏன் முகம் சுளிக்கிறார்கள்? 2014 ஜனவரியில் இத்தாலியின் ரோமாவை விட்டு, அமெரிக்க லீக்கான எம்எல்எஸ்ஸில் ஆடுகிற கனடா அணி டொராண்டோவுக்குப் போனதால்தான் கெட்டுப்போனார் என்பது பொதுவான பேச்சு. என் கட்சி வேறு. பொருந்தாத இடத்தில் நிறுத்தினார்கள், பொருந்திய இடத்தில் நிறுத்தியபோது துணைக்கு ஆள் கொடுக்கவில்லை. சொல்லுங்கள்.

ஆஃப்சைடு ஆறுமுகம் எழுதியது:

வாரிசு சார். ஒரே வார்த்தையில் முடிந்தது. அப்பா கோச், பையன் கேப்டன். நம் ஊரில் இதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு விளக்கம் வேண்டுமா?

நடுக்கோடு எழுதியது:

ஆறுமுகம் சார், இது வரும் என்று தெரிந்துதான் காத்திருந்தேன்.

ஆரம்பத்தில் நீங்கள் சொல்வது சரிதான். எம்எல்எஸ் அணிகள் புது ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற 2004 டிராஃப்டில் நியூயார்க் பக்கத்து மெட்ரோஸ்டார்ஸ் அணி அவரை 36ஆவது ஆளாக எடுத்தது. அப்போது பையனுக்குப் பதினாறு வயது. எடுத்த கோச் பாப் பிராட்லி, அப்பாவேதான். முதல் வருடம் காலில் அடிபட்டு ஒரு ஆட்டம்கூட இல்லை. 2005இல் ஆட ஆரம்பித்தார். சீசன் முடிய சில நாள் இருக்கும்போது அப்பாவை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள். கடைசி ஆட்டம் சிவாஸ் யுஎஸ்ஏ அணியோடு. ஜெயித்தால்தான் பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான கடைசிக் கட்ட ஆட்டங்கள். பையன் தன் முதல் கோலை அதில்தான் அடித்தான், அணியும் உள்ளே போனது. அப்பா அந்த பெஞ்சில் இல்லை.

அடுத்த ஜனவரியில் நெதர்லாந்தின் ஹீரன்ஃபேன் வாங்கிக்கொண்டது. வெறும் பதினெட்டு வயது. அங்கே எந்த மாமா மச்சான் இருந்தார்? 2007-08 சீசனில் நடுகளத்தில் ஆடிக்கொண்டே பதினைந்துக்குக் குறையாமல் கோல் அடித்தார். இது முன்கள வீரர் அடிக்கிற கணக்கு.

தேசிய அணியிலும் முதலில் அவரை இறக்கியவர் அப்பா இல்லை, ப்ரூஸ் அரீனா. 2006 மே மாதம், வெனிசுலாவுக்கு எதிராக. அப்பா வந்தது அதற்கப்புறம். 2011இல் அப்பாவை அனுப்பிவிட்டு க்ளின்ஸ்மான் வந்தார், அவரும் இவரைத்தான் ஆடவைத்தார். மறுபடி அரீனா, அவரும். 2019இல் பெர்ஹால்டர், அவரும். இத்தனை பேரும் அவருக்குச் சொந்தக்காரர்களா?

(சொந்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. சித்தப்பா ஸ்காட் பிராட்லி பேஸ்பால்காரர். 1990இல் ராண்டி ஜான்சன் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் வீசி முடித்த ஆட்டத்தில் பந்து பிடித்த கேட்சர் இவர்தான். குடும்பமே விளையாட்டில் ஊறியது.)

ஆஃப்சைடு ஆறுமுகம் எழுதியது:

சரி, கதவைத் திறந்துவிட்டது அப்பா, நடந்து போனது பையன் என்று வைத்துக்கொள்வோம். கதவு திறப்பதுதானே சார் கஷ்டம்?

சிவப்பு அட்டை எழுதியது:

என் கோபம் அப்பா பற்றி இல்லை. 2014 ஜனவரி பற்றி.

அந்த சீசனை நினைத்துப்பாருங்கள். ரூடி கார்சியா வந்த முதல் வருடம், ரோமா முதல் பத்து ஆட்டத்தையும் ஜெயிக்கிறது. அது அப்போது இத்தாலி லீக்கில் சாதனை. அந்தப் பத்தில் ஒன்பதாவது உதினேசே ஊரில். மைக்கோன் ரெட் கார்டு வாங்கி வெளியே போக, பத்துப் பேரோடு ரோமா தடுமாறுகிறது. மாற்று வீரராக உள்ளே வந்த பிராட்லி 82ஆவது நிமிடத்தில் கோல் அடிக்கிறார், 1-0. ஒரு அமெரிக்கன் ரோமாவின் சங்கிலி அறாமல் காப்பாற்றுகிறான். மூன்று மாதத்துக்குள் அதே ஆள் டொராண்டோவுக்கு விமானம் ஏறுகிறார்.

டொராண்டோ அப்போது எப்படிப்பட்ட அணி? 2007இல் லீக்கில் சேர்ந்ததிலிருந்து ஒரு தடவைகூட பிளேஆஃப் பார்க்காத அணி. இருபத்தாறு வயதில், கால் வலுவாக இருக்கும்போது, அங்கே போவதா? காசுக்காகத்தான். அதைக் காசுக்காக என்று சொல்லிவிட்டால்கூட மரியாதை உண்டு.

நடுக்கோடு எழுதியது:

காசு இருந்தது, மறுக்கவில்லை. டிரான்ஸ்ஃபர் தொகை மட்டும் கோடி டாலர் பக்கம் என்று பேசிக்கொண்டார்கள். சம்பளம் ஆண்டுக்கு 60 லட்சம் டாலருக்கு மேல். ரோமாவில் அதில் பாதி கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம்.

ஆனால் ரோமா நடுகளத்தில் அப்போது யார் யார்? டி ரோசி, பியானிச், ஸ்ட்ரூட்மன். போதாதென்று அந்த ஜனவரியிலேயே நைங்கோலான் வந்து இறங்கினார். உதினேசே கோலை மாற்று வீரராக வந்துதான் அடித்தார் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதில்தான் விஷயம் இருக்கிறது. ஜூனில் உலகக்கோப்பை. பெஞ்சில் குளிர்காய்ந்துவிட்டு அங்கே போனால் இதே ஆட்கள் "ஆடாமல் துருப்பிடித்துவிட்டார்" என்று எழுதியிருப்பார்கள்.

க்ளின்ஸ்மான் அந்த வருடம் அக்டோபரில் வெளிப்படையாகவே சொன்னார், பிராட்லியும் முன்கள வீரர் டெம்ப்சியும் உள்ளூர் லீக்குக்குத் திரும்பியதால் பழைய தரத்தைத் தக்கவைப்பது கஷ்டம் என்று. லீக் தலைவர் டான் கார்பர் கொதித்துப்போய் நிருபர்களைக் கூட்டிப் பதில் சொன்னார். நாட்டு அணியின் கோச்சும் நாட்டு லீக்கின் தலைவரும் பொதுவில் மல்லுக்கு நிற்க, நடுவில் பிராட்லி தலை உருண்டது.

சிவப்பு அட்டை எழுதியது:

க்ளின்ஸ்மான் சொன்னது தப்பா ரைட்டா என்று சொல்லாமலே நழுவுகிறீர்கள்.

நடுக்கோடு எழுதியது:

பாதி ரைட். வாரா வாரம் இத்தாலியின் சீரி ஆ லீக் வேகத்தில் ஆடுவதும் அப்போதைய எம்எல்எஸ் வேகத்தில் ஆடுவதும் ஒன்றில்லை. இது எனக்கும் தெரியும். மீதிப் பாதி க்ளின்ஸ்மானே செய்தது. இதை நம் நம்பர் ஆறு வந்து சொன்னால் நன்றாக இருக்கும்.

நம்பர் ஆறு எழுதியது:

கூப்பிட்டீர்களா, வந்துவிட்டேன். வியாசர்பாடி பக்கம் ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறவன். பதினைந்து வருடமாக ஒரே இடம், டிஃபென்ஸுக்கு முன்னால், நடுவில். கோல் அடித்தது மொத்தம் நாலோ ஐந்தோ. அதனால் இதைப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

நம்பர் ஆறு என்கிற இடத்தில் நிற்பவனுக்கு மைதானம் முழுக்க முன்னால் விரிந்து கிடக்கும். பந்து பின்னாலிருந்து, தன் ஆளிடமிருந்து வரும். வருவதற்குள் இடது தோளுக்கு மேலே ஒரு பார்வை, வலது தோளுக்கு மேலே ஒரு பார்வை. பந்து காலில் படும்போது அடுத்த பாஸ் மனசில் போயிருக்கும். பிராட்லியை இந்த இடத்தில் பாருங்கள், பந்து வரும் முன் அந்த மொட்டைத் தலை ஓயாமல் திரும்பிக்கொண்டே இருக்கும். நிதானமாக எடுப்பார், முப்பது நாற்பது கெஜத்துக்கு நேராக விடுவார். இதற்குத்தான் ரோமாவுக்கு முன் ஆடிய இத்தாலி அணி சியேவோவில் அவரை "ஜெனரல்" என்று கூப்பிட்டார்கள்.

நம்பர் பத்து இடம் இதற்குத் தலைகீழ். கோலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். பந்து வரும்போதே பின்னால் ஒருவன் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பான். ஒரே தொடுதலில் திரும்பணும், அல்லது தட்டிவிடணும். கால் நுனியில் வித்தை வேண்டும். நான் ஒரு தடவை ஆள் பற்றாக்குறையால் அங்கே நின்றேன். பாதி நேரத்துக்குள் பந்தை எத்தனை தடவை விட்டேன் என்று என் அணியினரே எண்ணிச் சொன்னார்கள். நானும் அவர்களும் அன்றைக்குச் சேர்ந்து டீ குடிக்கவில்லை.

2014இல் க்ளின்ஸ்மான் பிராட்லியை அங்கேதான் நிறுத்தினார், முன்னால், டெம்ப்சிக்குப் பின்னால். முதல் ஆட்டத்திலேயே முன்கள வீரர் அல்டிடோர் தொடைத்தசை பிடித்து வெளியே போனதும் முன்னால் பந்தைப் பிடித்து வைக்க ஆளே இல்லாமல் போயிற்று. அப்புறம் பத்துக்கு வேலை இரண்டு மடங்கு. குழுச் சுற்றின் மூன்று ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் அந்த உலகக்கோப்பையிலேயே அதிக தூரம் ஓடியவர் பிராட்லி. மனாவுஸ் அமேசான் காட்டுக்கு நடுவில் இருக்கிற ஊர். அந்தப் புழுக்கத்தில் 95ஆவது நிமிடம் கால் என்ன சொல்லும்? பந்தை அவர் கார்னர் பக்கம் தூக்கி அடித்திருக்க வேண்டும், அதை நானும் சொல்கிறேன். ஆனால் அந்தப் பந்து போனது சோம்பேறித்தனத்தால் இல்லை.

இன்னொன்று. அதே உலகக்கோப்பையில் பெல்ஜியத்துக்கு எதிராக, கூடுதல் நேரத்தில், கொஞ்சம் பின்னாலிருந்து தற்காப்பின் தலைக்கு மேலே ஒரு பந்தை மெதுவாகத் தூக்கிப் போட்டார். ஜூலியன் கிரீன் ஓடிப்போய் அப்படியே அடித்தார், கோல். பார்வைக்கு முன்னால் மைதானம் விரிந்தால் இந்த ஆள் என்ன செய்வார் என்பதற்கு அந்த ஒரு பாஸ் போதும்.

சிவப்பு அட்டை எழுதியது:

நம்பர் ஆறு, நல்ல விளக்கம். பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2017இல் அவர் தனக்குப் பிடித்த இடத்தில்தானே ஆடினார்? கூவா நகரம். நம் கோவாவின் பீச் இல்லை, டிரினிடாட்டில் உள்ள கூவா. அதை யார் தலையில் கட்டுவீர்கள்?

நடுக்கோடு எழுதியது:

அதைத் தவிர்க்கப் போவதில்லை. ஆனால் 2017இல் இரண்டு ஆட்டம் உண்டு. முதலில் ஜூன்.

மெக்சிகோ நகரத்து அஸ்டெக்கா மைதானம். கடல் மட்டத்திலிருந்து 2200 மீட்டருக்கு மேல். மூச்சு வாங்குகிற உயரம். உலகக்கோப்பைத் தகுதி ஆட்டம். ஆறாவது நிமிடம். சிச்சரிடோ பின்னால் ஒரு பாஸ் போடுகிறார். பிராட்லி அதை முன்கூட்டியே படித்துவிட்டு ஓடிவந்து பறிக்கிறார். இரண்டு எட்டு வைத்து, தலையைத் தூக்கிப் பார்க்கிறார். கோல்கீப்பர் ஒச்சோவா முன்னால் வந்து நிற்கிறார். சுமார் நாற்பது கெஜத்திலிருந்து ஒரு சிப். ஒச்சோவா பின்னோக்கி ஓடி, எகிறி, கை காற்றைத்தான் பிடித்தது. மைதானமே ஒரு கணம் வாயடைத்துப்போனது. அப்புறம் வேலா சமன் செய்து 1-1. ஆனாலும் அஸ்டெக்காவில் ஒரு புள்ளி என்பது அமெரிக்கர்களுக்குக் குதிரைக்கொம்பு.

நாலு மாதம் கழித்து, அக்டோபர் 10, கூவா. முந்தின நாள் பெய்த மழையில் மைதானத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. டிரினிடாட் பட்டியலில் கடைசி அணி, அவர்களுக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான். அமெரிக்காவுக்கு டிரா போதும். நாலு நாளுக்கு முன்னால் பனாமாவை 4-0 என்று நொறுக்கிய அதே பதினோரு பேரை அரீனா மறுபடி இறக்கினார். நடுகளத்தில் பின்னால் நின்று காக்க பிராட்லி ஒருவர் மட்டும். மற்றவர்கள் எல்லாம் முன்னால் போகிற ரகம். ஒமர் கொன்சாலஸ் காலில் பட்டு சொந்தக் கோல். பிறகு ஆல்வின் ஜோன்ஸ் எங்கேயோ தூரத்திலிருந்து ஒரு ராக்கெட். பாதி நேரம் முடிந்ததும் புலிசிச் ஒன்று திருப்பினார். டெம்ப்சி அடித்தது கம்பத்தில் பட்டது. 2-1. அதே ராத்திரி பனாமாவும் ஹோண்டுராஸும் ஜெயிக்க, 1986க்குப் பிறகு முதல் தடவை அமெரிக்கா இல்லாத உலகக்கோப்பை.

அன்றைக்கு பிராட்லி நன்றாக ஆடவில்லை. முப்பது வயது, நாலு நாளில் இரண்டு ஆட்டம், பக்கத்தில் ஆள் இல்லை. ஓட்டமே இல்லாத மாதிரி தெரிந்தார். கேப்டன் பட்டை அவர் கையில்தான் இருந்தது. அதனால் பழியும் அவருக்கு. இதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆஃப்சைடு ஆறுமுகம் எழுதியது:

அடிச்சது ரெண்டு பேர், கோட்டைவிட்டது பதினோரு பேர், திட்டு ஒருத்தருக்கு. நம் ஊர் கிரிக்கெட் மாதிரியே இருக்கிறது.

ஏரிக்கரையான் எழுதியது:

எல்லாரும் கதைக்கிறதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரொறன்ரோ பற்றி ரொறன்ரோக்காரன் ஒருத்தன் சொல்லவேண்டாமோ? ஸ்கார்பரோவில் இருந்து கோ ரயில் ஏறி எக்ஸிபிஷன் நிலையத்தில் இறங்கினால் மைதானம் கண்ணுக்கு முன்னால். இரண்டு சீசன் டிக்கெட், மகனுக்கும் எனக்கும். நாங்கள் யாழ்ப்பாணத்தில் இதை உதைபந்து என்றுதான் சொல்லுவோம், மன்னிக்கவேணும்.

2014 தொடக்கத்தில் நகரம் முழுக்க விளம்பரம். இங்கிலாந்திலிருந்து டிஃபோ, ரோமாவிலிருந்து பிராட்லி. டிஃபோ ஒரு வருசத்தில் போய்விட்டார். அந்த வருசமும் பிளேஆஃப் இல்லை. அடுத்த வருசம் ஜொவின்கோவும் அல்டிடோரும் வந்தார்கள், பிராட்லி கேப்டன். முதல்முதலாக பிளேஆஃப் போனோம், மொன்றியலிடம் 3-0 வாங்கிக்கொண்டு திரும்பினோம். 2016 நவம்பர் கடைசியில் அதே மொன்றியலை, கொட்டுகிற மழைக்குள் கூடுதல் நேரம் வரைக்கும் போய் 5-2. அன்றைக்கு மகன் தொண்டை கட்டி இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

டிசம்பர் 10. இறுதி ஆட்டம் சியாட்டிலோடு, எங்கள் மைதானத்தில். உறைநிலைக்குக் கீழே. இரண்டு சோடி காலுறை போட்டிருந்தும் கால் விரல் இருக்கிறதோ இல்லையோ தெரியவில்லை. பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணீர் பாதி நேரத்துக்குள் ஆறிப்போச்சு. சியாட்டில் அந்த 120 நிமிடத்திலும் கோலை நோக்கி ஒரு அடி சரியாக அடிக்கவில்லை. நாங்கள் அடித்ததை எல்லாம் ஸ்டெஃபான் ஃப்ரை பிடித்தார். அல்டிடோரின் தலையிலிருந்து போன ஒரு பந்தைப் பின்னுக்குப் பாய்ந்து கையால் வெளியே தள்ளினார், அது இன்றைக்கும் கண்ணுக்குள் நிக்குது.

பெனால்டி. இரண்டாவது ஆளாக பிராட்லி நடந்து வந்தார். கேப்டன். ஃப்ரை பிடித்துவிட்டார். கடைசியில் மொறோ அடித்தது மேல்கம்பியில் பட்டது, ரோமான் டொறெஸ் முடித்தார். ரயிலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மகன் மட்டும் கேட்டான், "அப்பா, கேப்டன் ஏன் முதல்ல அடிக்கேல்ல?" எனக்கு மறுமொழி தெரியவில்லை.

சரி, அடுத்த வருசம். லீக்கில் 69 புள்ளி, அப்போதைய சாதனை, முதலிடத்துக்கான கிண்ணம். கனடாக் கிண்ணம். டிசம்பர் 9இல் மறுபடி இறுதி, மறுபடி சியாட்டில், மறுபடி எங்கள் மைதானம். 2-0. ஒரே சீசனில் மூன்று கிண்ணம், எம்எல்எஸ் அணி ஒன்றும் அதற்கு முன் செய்யாதது. அல்டிடோர் கோல் அடித்தார், வாஸ்கஸ் அடித்தார், பேப்பர் முழுக்க அவர்கள் படம். நான் அன்றைக்கு வேணுமென்றே பந்தைப் பார்க்காமல் பிராட்லியை மட்டும் பார்த்தேன். தற்காப்புக்கு முன்னால் நின்றார். சியாட்டில்காரன் நடுவால் வர நினைத்த ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு ஆள் நிண்டான், அது இவர்தான். பெரிதாக ஓடினமாதிரியும் தெரியாது, டேக்கிள் போட்டமாதிரியும் தெரியாது.

கூவா நடந்து இரண்டே மாதம் அப்போது. அந்த இரண்டு மாதமும் அமெரிக்காவுக்குள் எங்கே போனாலும் அவருக்கும் அல்டிடோருக்கும் ஊளைதான். அட்லாண்டாவில் பந்து தொடுகிற ஒவ்வொரு முறையும் கத்தினார்கள். சொந்த நாட்டில் ஊளை, அயல்நாட்டில் கைதட்டு. இதை என்னவென்று சொல்லுறது.

நம்பர் ஆறு எழுதியது:

ஏரிக்கரை அண்ணா, "பந்தைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தேன்" என்றீர்களே, அதுதான். டிவியில் இந்த வேலையே தெரியாது. கேமரா பந்தைத்தான் துரத்தும். பாஸ் போகவிடாமல் அடைத்துக்கொண்டு நிற்பவன் திரைக்கு வெளியே நிற்பான்.

சிவப்பு அட்டை எழுதியது:

அண்ணா, 2018ஐ விட்டுவிட்டீர்கள்.

ஏரிக்கரையான் எழுதியது:

விடவில்லை தம்பி, மூச்சு வாங்கினேன்.

கொன்ககாஃப் சாம்பியன்ஸ் லீக், வட, மத்திய அமெரிக்கக் கிளப்புகளுக்கான போட்டி. மெக்சிகோவின் டிக்ரெஸை வெட்டி, அமெரிக்காவை வெட்டி (நாடு இல்லை, கிளப்), இறுதியில் குவாடலஹாரா சிவாஸ். இங்கே 2-1 தோல்வி, அங்கே போய் 2-1 வெற்றி. மறுபடி பெனால்டி. ஒசோரியோ அடித்தது கம்பியில் பட்டது. கடைசியில் பிராட்லி, அடிக்காவிட்டால் முடிந்தது என்ற நிலை. பந்து மேல்கம்பிக்கு மேலே போய்விட்டது. எம்எல்எஸ் அணி ஒன்று இந்தக் கிண்ணத்தை இந்த வடிவத்தில் முதல்முறை தூக்கியிருக்க வேண்டிய நாள். ஒன்று சொல்லுறேன், 2016இல் தவறவிட்ட மனுசன் 2018இல் ஒளிச்சு நிக்கவில்லை. திரும்ப நடந்து வந்தார்.

2019இல் இன்னொரு இறுதி, மறுபடி அதே சியாட்டில், 3-1 தோல்வி. அதே வருசம் அக்டோபரில் எங்கள் மைதானத்திலேயே கனடா அமெரிக்காவை 2-0 என்று வென்றது. அல்ஃபோன்ஸோ டேவிஸ் ஒரு கோல். பிராட்லி அமெரிக்காவுக்கு ஆடின கடைசி ஆட்டம் அதுதான். எனக்கு எந்தப் பக்கம் கத்துறதென்றே விளங்கவில்லை.

ஆஃப்சைடு ஆறுமுகம் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் நான் சொன்ன வாரிசு கடைசியில் வந்ததா இல்லையா? 2022இல் டொராண்டோவுக்குக் கோச்சாக வந்தது யார்? பாப் பிராட்லி. முப்பத்து நாலு வயசுப் பையன் கேப்டன். அணி என்ன ஆச்சு?

ஏரிக்கரையான் எழுதியது:

இதில் உங்களோடு நிற்கிறேன். அந்தக் காலம் எங்களுக்குச் சரிவரவில்லை. இத்தாலியிலிருந்து இன்சின்யேவும் பெர்னார்டெஸ்கியும் பெரும் காசுக்கு வந்தார்கள், அணி எழும்பவில்லை. 2023 நடுவில் தகப்பனை அனுப்பிவிட்டார்கள். அந்த வருசம் முழு லீக்கிலும் கடைசி இடம் எங்களுக்கு. மகனுக்குக் காயம், பாதி சீசன் வெளியே. அக்டோபரில் ஓய்வு அறிவித்தார். பத்து சீசன், 300க்கு மேலே ஆட்டம். மைதானத்தில் தகப்பனும் மகனும் ஒரே அணிக்கு நின்றால் தோல்வி ஒவ்வொன்றும் குடும்பக் கதை ஆகிவிடும். அது இருவருக்குமே நியாயம் இல்லை. ஆனால் அதற்கு ஓமென்றது அவர்கள்தான்.

நடுக்கோடு எழுதியது:

ஆறுமுகம் சார், அந்தப் புள்ளி உங்களுக்கு. எழுதி வைத்துக்கொள்கிறேன்.

களத்துக்கு வெளியே ஒன்றும் சொல்ல நினைத்தேன். 2017 ஜனவரியில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள ஏழு நாட்டவருக்கு அமெரிக்கா தடை போட்டபோது அவர் நாட்டு அணியின் கேப்டன். முதலில் ஒரு நிருபரிடம் நெளிந்து வளைந்து பதில் சொன்னார். அன்றைக்கே இன்ஸ்டாகிராமில், தன் பதில் மென்மையாகிவிட்டது, உண்மையில் இதைக் கண்டு வருத்தமும் வெட்கமும்தான் என்று எழுதிவிட்டார். வழக்கமாகப் பேட்டியில் பத்து வார்த்தைக்கு மேல் கொடுக்காத ஆள். அணி கேப்டன் நாட்டு அதிபரை அப்படி எழுதுவது அங்கே சாதாரணம் இல்லை.

சிவப்பு அட்டை எழுதியது:

அது தெரியாது. நன்றி.

நான் இன்னும் ரோமா விஷயத்தில் மாறவில்லை. ஆனால் ஒரு ஒப்புதல்: என் பெயரே அவரால் வந்தது. 2009 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை, அரையிறுதி. 35 ஆட்டம் தோற்காத ஸ்பெயினை அமெரிக்கா 2-0 என்று வீழ்த்துகிறது. 87ஆவது நிமிடத்தில் பிராட்லி நேராக ரெட் கார்டு. இறுதி ஆட்டத்தில் அவர் இல்லை. பிரேசிலை 2-0 என்று முந்திவிட்டு 3-2 என்று தோற்றார்கள். அவர் இருந்திருந்தால் பாதி நேரத்துக்குப் பின்னால் நடுகளம் அப்படித் திறந்திருக்காது என்று நான் இன்றைக்கும் புலம்புகிறேன். புலம்புகிறேன் என்றால் என்ன அர்த்தம்? அவர் நல்ல ஆட்டக்காரர் என்றுதானே.

புதுமுகம் 07 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் புலிசிச், மெக்கென்னி காலத்தில்தான் பார்க்க ஆரம்பித்தேன். பிராட்லியை முழுசாகப் பார்த்ததே இல்லை. எந்த ஆட்டத்திலிருந்து ஆரம்பிக்கலாம்? இப்போது என்ன செய்கிறார்?

நடுக்கோடு எழுதியது:

வாங்க. இப்போது கோச் வேலை. முதலில் நார்வேயின் ஸ்டாபெக்கில் அப்பாவுக்கு உதவியாளர் (ஆறுமுகம் சார், சிரிக்க வேண்டாம்). அப்புறம் 2025இல் நியூயார்க் ரெட் புல்ஸின் இரண்டாம் அணிக்குக் கோச்சாக இருந்தார். ரெட் புல்ஸ் என்பது யார்? பழைய மெட்ரோஸ்டார்ஸ்தான், பெயர் மாறியது. பதினாறு வயதில் அப்பா எடுத்த அதே இடம்.

பார்க்க வேண்டியது: 2010 உலகக்கோப்பை, ஜோகனஸ்பர்க், ஸ்லோவேனியா ஆட்டம். பாதி நேரத்தில் 2-0 என்று பின்தங்கிய அமெரிக்கா. டோனவன் ஒன்று அடிக்கிறார். 82ஆவது நிமிடம், டோனவன் நீளமாகப் போட்ட பந்தை அல்டிடோர் தலையால் இறக்கிவிட, பின்னாலிருந்து முழு வேகத்தில் ஓடிவந்த பிராட்லி காலை நீட்டி மேலே தூக்கி அடித்தார். எங்கிருந்து ஓட ஆரம்பித்தார் என்று பாருங்கள். எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஓட ஆரம்பித்தவர் அவர். சில நிமிடம் கழித்து எடு அடித்த மூன்றாவது கோலை நடுவர் ஏன் ரத்து செய்தார் என்று கேட்காதீர்கள், அதற்குத் தனி இழை வேண்டும்.

ஏரிக்கரையான் எழுதியது:

2017 இறுதியையும் பாரும் தம்பி. பந்தைப் பாராதேயும்.

நம்பர் ஆறு எழுதியது:

உதினேசே ஆட்டத்தின் கடைசி அரை மணி நேரமும். பத்துப் பேரோடு ஒரு ஆறு எப்படி ஆட வேண்டும் என்று நான் எங்கள் பசங்களுக்குப் போட்டுக் காட்டுவேன்.

ஆஃப்சைடு ஆறுமுகம் எழுதியது:

ராத்திரி தூக்கம் வரவில்லை, நம்பர் ஆறு சொன்னதைப் போட்டேன். அவர் உள்ளே வந்ததிலிருந்து கோல் வரைக்கும் தலையை எத்தனை தடவை திருப்புகிறார் என்று எண்ண ஆரம்பித்தேன். நடுவில் கணக்கு விட்டுப்போச்சு. மறுபடி முதலிலிருந்து போட்டிருக்கிறேன். வாரிசு கருத்தை வாபஸ் வாங்கவில்லை, அதையும் பதிவு செய்துகொள்கிறேன்.